ஆயா வழி வந்த ஏற்பி

தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய அம்மானுக்கு இப்போது 52 வயது. நாற்பதாம் வயதை ஒட்டித் தொடையில் தசைப்பிடிப்பு அடிக்கடி வரத் தொடங்கியது. பிறகு கை நடுக்கம். அதன் பிறகு தெருவிலிருந்து முகப்புக்கு ஏறும் படிகளில் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை. ஒரு மருத்துவமனையில் இதனை ஏ.எல்.எஸ்., அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் விரைவாக அழியும் நோய், என்று சொல்லி, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் மெதுவாகவேனும் நடமாடுகிறார். அண்மையில் வேறொரு நரம்பியல் மருத்துவர் சந்தேகப்பட்டு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியதில், 'ஏ.ஆர். மரபணு, சி.ஏ.ஜி. எண்ணிக்கை 46' என்று முடிவு வந்தது. 'கென்னடி நோய், ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியில் ஏற்பட்ட பிழை' என்று அந்த மருத்துவர் விளக்கியிருக்கிறார். அந்தப் பெண் கேட்பவை மூன்று. ஆண் ஹார்மோனின் ஏற்பிக்கும் நரம்பு அழிவதற்கும் என்ன தொடர்பு? தம்பிக்கு 24 வயதாகிறது, அவனுக்கும் வருமா? அம்மான் மகனுக்குத் தன்னைப் பேசியிருக்கும் வேளையில், "நோய் உள்ள வீட்டில் பெண்ணைக் கொடுப்பதா" என்று அப்பச்சி (தந்தை) தயங்குவது சரியா?

காரைக்குடியில் நீண்ட காலம் நரம்பியல் மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மூன்றாம் கேள்விக்கு முதலில் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மான் மகனுக்குத் தந்தையிடமிருந்து இந்த நோய் வந்திருக்க முடியாது. அவர் வழியாக அவருடைய பிள்ளைகளுக்கும் போகாது. பார்க்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டென்றால் அது உங்கள் பக்கம்தான், அதாவது உங்கள் தாயான ஆத்தாவின் பக்கம். இது உங்கள் வீட்டில் திகைப்பைத் தரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே காரணத்தை முழுமையாகச் சொல்வது என் கடமையாகிறது. அதற்கு அந்த ஏற்பியின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஹார்மோன் ஏற்பி என்றதும் செல்லின் வெளிச்சுவரில் பதிந்திருக்கும் ஒரு பூட்டையும், அதில் வந்து பொருந்தும் சாவியையும் பாடநூல்கள் வரைந்து காட்டும். இன்சுலினுக்கு அந்தப் படம் பொருந்தும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அப்படிப்பட்டதன்று. அது கொலஸ்டிராலிலிருந்து உருவாகும், கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு. செல்லின் மென்படலத்தை யாரையும் கேட்காமல் கடந்து உள்ளே போய்விடும். எனவே அதன் ஏற்பி செல்லுக்குள்ளேயே காத்திருக்கிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பி என்று பெயர் பெற்ற அந்தப் புரதம், மனித உடலில் உள்ள 48 உட்கரு ஏற்பிகளுள் ஒன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், கார்டிசால் ஆகியவற்றின் ஏற்பிகள் அதற்கு நெருங்கிய உறவு. அதன் மரபணு 1988ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அது எக்ஸ் குரோமோசோமின் மையத்தை ஒட்டி நீள் கையில் அமைந்திருக்கிறது. இந்த இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஏறத்தாழ 920 அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி இந்தப் புரதம். நம் ஊர் வீடு ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று நீண்டு மறு தெருவில் போய் முடிவது போல, இதுவும் தனித்தனி வேலையுள்ள கட்டுகளாக நீள்கிறது. பின்கட்டிலிருந்து பார்ப்பது எளிது. கடைசி 250 அமினோ அமிலங்கள் ஹார்மோனைப் பிடிக்கும் பகுதி. சுருள்கள் பல சேர்ந்து நடுவில் ஒரு குழியை உண்டாக்கி, அதற்குள் டெஸ்டோஸ்டிரோனை அடக்கிக்கொள்கின்றன. 2000ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் இந்தப் பகுதியின் உருவம் அணு அளவில் வெளிவந்தது. அதற்கு முன்னால் ஒரு குறுகலான இணைப்பு நடை. உட்கருவுக்குள் நுழைவதற்கான அனுமதி முத்திரை அதில் இருக்கிறது. அதற்கும் முன்னால் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி: நான்கு நான்கு சிஸ்டீன்கள் ஒவ்வொரு துத்தநாக அணுவைக் கவ்விப் பிடிக்க, இரண்டு விரல்கள் போன்ற மடிப்புகள் உருவாகி, டி.என்.ஏ.வின் பள்ளத்தில் பொருந்துகின்றன.

முகப்புக்கு வரும்போது இந்த ஒப்புமை உடைந்துவிடுகிறது. உடைவதைச் சொல்லாமல் மறைத்தால் நோயையே மறைத்ததாகும். முகப்பு என்று நான் சொல்வது ஏற்பியின் முன்பகுதி, மொத்த நீளத்தில் பாதிக்கும் மேல், சுமார் 555 அமினோ அமிலங்கள். அதற்கு நிலையான கட்டுமானமே இல்லை. தேக்குத் தூணும் கருங்கல் தளமும் நிற்க வேண்டிய இடத்தில் காற்றில் ஆடும் கொட்டகைத் துணி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் நிலைத்து நில்லாத அந்தப் பகுதியைப் படிகமாக்க முடியாது. ஆகவே பிற பகுதிகளின் படங்கள் வந்த பின்னும் இது நெடுங்காலம் இருட்டில் கிடந்தது. டி.என்.ஏ.வுடனும் துணைப் புரதங்களுடனும் சேர்ந்த முழு ஏற்பியின் உருவம், உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக 2020ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. இரண்டு ஏற்பிகளின் பின்கட்டுகள் ஜோடி சேர்ந்து நிற்க, முன்பகுதிகள் அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டிருப்பதாக அந்தப் படம் காட்டியது. பலருக்கும் இது வியப்பாக இருந்தது, எனக்கும்தான்.

உங்கள் அம்மானின் அறிக்கையில் உள்ள 46 என்ற எண் இந்த முன்பகுதியைச் சேர்ந்தது. டி.என்.ஏ.வில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்தால் 'குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை இங்கே சேர்' என்று பொருள். ஏற்பியின் மரபணுவில் ஓரிடத்தில் இந்த மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாருக்கும் வருகிறது, அது பிழையன்று. பெரும்பாலானவர்களுக்கு இருபதை ஒட்டிய எண்ணிக்கை இருக்கும். சுமார் 9 முதல் 36 வரை இயல்பானதாகக் கொள்கிறார்கள். 38ஐ எட்டினால் கென்னடி நோய். சிட்டையிலிருந்து பேரேட்டில் பதிகிற கணக்கப்பிள்ளை, ஒரே மாதிரியான வரி பல முறை வரும் பக்கத்தில் எத்தனையாவது வரியில் இருந்தோம் என்பதை மறந்து, மேலும் சில வரிகளைக் கூடுதலாக எழுதிவிடுவது உண்டல்லவா? டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போதும் இப்படிப்பட்ட தொடர்களில்தான் கை வழுக்குகிறது. எண்ணிக்கை கூடக்கூட நோய் தொடங்கும் வயது பொதுவாகக் குறைகிறது. ஆனால் ஒரு தனி மனிதரின் எண்ணை வைத்து இத்தனையாவது வயதில் தொடங்கும் என்று கணித்துச் சொல்ல முடியாது.

குளுட்டமின்கள் இருபது இருந்தால் பாதகமில்லை, நாற்பத்தாறு இருந்தால் பாதகம் என்பது ஏன்? குளுட்டமினின் பக்கக் கிளையில் ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கவும் வாங்கவும் கூடிய முனை இருக்கிறது. வரிசையாகப் பல குளுட்டமின்கள் நின்றால் அவை தம்முள்ளும், பக்கத்தில் வரும் அதே போன்ற வரிசைகளோடும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. ஹீமோகுளோபினின் கட்டமைப்பைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் பெருட்ஸ் 1994ஆம் ஆண்டில் இதனைப் பல்லோடு பல் கோக்கும் ஜிப்புக்கு ஒப்பிட்டார். ஆண்ட்ரோஜன் ஏற்பியில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. குளுட்டமின் வரிசைக்குச் சற்று முன்னால் நான்கு லியூசின்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் முதுகெலும்போடு குளுட்டமின்களின் பக்கக் கிளைகள் பிணைந்துகொள்வதால் அந்த இடம் சுருள் வடிவம் எடுக்கிறது என்றும், குளுட்டமின்கள் நீள நீள அந்தச் சுருள்தன்மை கூடுகிறது என்றும் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒன்றுமில்லாத துணி என்று நினைத்த இடத்தில் ஒரு விறைப்பு உருவாகிறது. அது தன்னைத் தொடும் பிற புரதங்களோடான உறவையும் மாற்றக்கூடும்.

இந்த ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்பதை இப்போது பார்க்கலாம். நோயின் சூட்சுமம் அதற்குள்தான் இருக்கிறது. ஹார்மோன் வராத வேளையில் ஏற்பி உட்கருவுக்கு வெளியே, ஹெச்.எஸ்.பி. 90 முதலிய துணைப் புரதங்களின் அரவணைப்பில் அடங்கிக் கிடக்கிறது. டெஸ்டோஸ்டிரோன், அல்லது அதிலிருந்து உருவாகும் வலிமை கூடிய டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், குழிக்குள் நுழைந்ததும் பின்கட்டின் கடைசிச் சுருளான பன்னிரண்டாம் சுருள் மூடி போல் மடங்கிக் குழியை அடைக்கிறது. அப்படி மடங்கும்போது வெளிப்பரப்பில் ஒரு பள்ளம் தோன்றுகிறது. பிற ஏற்பிகளில் அந்தப் பள்ளத்தில் துணைப் புரதங்கள் வந்து அமரும். ஆண்ட்ரோஜன் ஏற்பியிலோ, அதன் சொந்த முன்பகுதியில் 23ஆம் இடம் முதல் 27ஆம் இடம் வரை உள்ள ஐந்து அமினோ அமிலங்களே முதலில் வந்து அங்கே அமர்கின்றன. முகப்பு வளைந்து வந்து பின்கட்டைத் தொடுகிறது. இந்த வடிவம் பெற்ற ஏற்பி துணைப் புரதங்களை உதறிவிட்டு உட்கருவுக்குள் போய், ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களில் அமர்ந்து பல மரபணுக்களை இயக்குகிறது.

ஆக, டெஸ்டோஸ்டிரோன் வந்து சேரும் வரை 46 குளுட்டமின் கொண்ட ஏற்பியும் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். ஹார்மோன் வந்தால்தான் அது உருமாறி, இடம் மாறி, உட்கருவுக்குள் நுழைந்து தீங்கு செய்யத் தொடங்குகிறது. நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோய்களில் இப்படி வெளியிலிருந்து வரும் ஒரு மூலக்கூறு ஏவினால் மட்டுமே விழித்தெழும் புரதம் அரிது. குளுட்டமின் வரிசை நீள்வதால் வரும் ஹண்டிங்டன் நோயிலும், பல வகைத் தண்டுவட–சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களிலும் அந்தப் புரதங்களுக்கு இத்தகைய சாவி கிடையாது. இந்த வரிசையில் எக்ஸ் குரோமோசோமைச் சேர்ந்ததும் கென்னடி நோய் ஒன்றுதான்.

இந்நோயைப் பற்றிய குறிப்பு ஜப்பானில் கவாஹாரா என்ற மருத்துவரால் 1897ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த வில்லியம் கென்னடி, மில்டன் ஆல்ட்டர், ஜூ ஹோ சங் ஆகியோர் 1968ஆம் ஆண்டில் இரண்டு குடும்பங்களை விரிவாக ஆராய்ந்து, பெண்கள் வழியாகக் கடந்து ஆண்களைத் தாக்கும் நோய் இது என்று வரையறுத்ததால் கென்னடியின் பெயர் நிலைத்தது. நோயாளிகளின் மார்பு பெருத்திருப்பதும் மகப்பேற்றுத் திறன் குறைந்திருப்பதும் ஆண் ஹார்மோனின் பக்கம் கையைக் காட்டின. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஏற்பியின் மரபணுவைப் படித்துப் பார்த்த ஆல்பர்ட் லா ஸ்பாடா, கென்னத் ஃபிஷ்பெக் முதலியோர், உறவில்லாத 35 நோயாளிகளிடம் சி.ஏ.ஜி. தொடர் நீண்டிருப்பதை 1991ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். குளுட்டமின் வரிசை நீள்வதால் நரம்பு அழியக்கூடும் என்பதை உலகம் முதன்முதலாக அறிந்தது இந்த ஏற்பியிலிருந்துதான். ஹண்டிங்டன் நோயின் மரபணு கிடைத்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

கெட்டுப்போன ஏற்பி தன் வேலையைச் செய்யாததால்தான் நரம்பு வாடுகிறது என்று தோன்றலாம். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு என்பதற்கு இயற்கையே ஒரு சான்றை வைத்திருக்கிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பி முற்றிலும் செயலற்றுப் பிறப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எக்ஸும் ஒய்யும் இருந்தும், ஹார்மோனின் சொல் உடலுக்கு எட்டாததால் புறத்தோற்றத்தில் பெண்ணாக வளர்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தசைநலிவு வருவதில்லை. ஏற்பி இல்லாமலே போனால் நரம்பு பிழைத்திருக்கிறது. நீண்ட குளுட்டமினோடு ஏற்பி இருந்தால் நரம்பு அழிகிறது. எனவே இது வேலை நின்றதால் வந்த கேடு அன்று, புதிதாகச் சேர்ந்த நஞ்சுத்தன்மையால் வந்த கேடு. அதே வேளையில் ஏற்பியின் இயல்பான பணியும் ஓரளவு தளர்கிறது. மார்பு பெருப்பதும் விரை சுருங்குவதும் அந்தத் தளர்ச்சியின் அடையாளங்கள். ஒரே பிழை இரண்டு விதமாக உடலில் வெளிப்படுகிறது.

ஹார்மோன்தான் நஞ்சை எழுப்புகிறது என்பதற்கான சான்றுகள் 2002ஆம் ஆண்டில் திரண்டன. பழ ஈயின் கண்ணில் மனித ஏற்பியின் நீண்ட வடிவத்தைப் புகுத்தினார்கள். ஈயின் தீவனத்தில் ஆண் ஹார்மோனைக் கலந்தபோது மட்டும் கண் சிதைந்தது. ஜப்பானில் நகோயாவில், 97 சி.ஏ.ஜி. கொண்ட மனித ஏற்பியைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். ஆண் எலிகள் நடக்க முடியாமல் போயின, பெண் எலிகள் பெரிதும் தப்பின. ஆண் எலிகளுக்கு விரை நீக்கம் செய்தபோது அவை தேறின. பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏற்றியபோது அவை நலிந்தன. மனிதரிலும் இதற்கு ஒப்பான ஒன்று பதிவாகியிருக்கிறது. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களிலும் நீண்ட தொடரைப் பெற்ற சகோதரிகள் இருவருக்குத் தசைப்பிடிப்பும் நடுக்கமும் மட்டுமே இருந்தன. ஆண்களுக்கு வருவது போன்ற பலவீனம் வரவில்லை. பெண் தப்புவது இரண்டாவது எக்ஸ் நல்லதாக இருப்பதால் மட்டும் அன்று, அவள் உடலில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பதாலும்தான்.

உட்கருவுக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. பழைய கருத்து, ஏற்பி துண்டாகி, குளுட்டமின் நிறைந்த முன்துண்டுகள் ஒன்றோடொன்று திரண்டு கட்டிகளாகி, செல்லின் குப்பை அகற்றும் அமைப்பான புரோட்டியாசோமை அடைத்துக்கொள்கின்றன என்பது. இறந்த நோயாளிகளின் இயக்க நரம்பணுக்களில் அத்தகைய உட்கருக் கட்டிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் முன்பகுதிக்குரிய அடையாளம் தெரிகிறது, பின்பகுதிக்குரியது தெரிவதில்லை. ஆனால் 2010ஆம் ஆண்டில் பழ ஈக்களில் செய்த இன்னொரு ஆய்வு கதையைச் சிக்கலாக்கியது. நீண்ட குளுட்டமினை அப்படியே விட்டுவிட்டு, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் விரல்களை மட்டும் செயலிழக்கச் செய்தபோது சிதைவு நின்றது. பன்னிரண்டாம் சுருள் மடங்கும்போது உருவாகும் பள்ளத்தை மாற்றியபோதும் சிதைவு அடங்கியது. ஒட்டிக்கொள்வதுதான் முழுக் குற்றம் என்றால் விரல்களைக் கட்டிப்போடுவதால் என்ன பயன்? ஏற்பி தன் வழக்கமான வேலையையே அளவு மீறிச் செய்வதும் நஞ்சின் ஒரு பகுதி என்று அந்த ஆய்வு சொல்கிறது. இரண்டாம் கருத்தின் பக்கமே என் சாய்வு. ஏனெனில் புரதத்தின் தொலைவான கட்டுகள் அனைத்தையும் அது ஒரே கணக்கில் கொண்டுவருகிறது.

தசைகளை இயக்கும் நரம்பணுக்களை மட்டும் இது ஏன் தேடிப் போகிறது என்றும் நீங்கள் கேட்கலாம். தண்டுவடத்திலும் முகுளத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பி மிகுதி. கண்விழியை அசைக்கும் நரம்பணுக்களில் அது குறைவு. இந்நோயில் விழியசைவு கெடுவதில்லை. இருந்தாலும் நரம்பு மட்டும்தான் களம் என்று சொல்ல முடியாது. எலும்புத் தசையிலும் இந்த ஏற்பி நிறைய இருக்கிறது. தசையில் மட்டும் நீண்ட ஏற்பியை நீக்கிய எலிகள் நோயிலிருந்து தப்பியதையும், தோலடியில் செலுத்திய, மரபணுவின் செய்தியை மறிக்கும் (ஆன்ட்டிசென்ஸ்) மருந்தினால் தசை முதலிய புற உறுப்புகளில் ஏற்பியின் உற்பத்தியைக் குறைத்தபோது எலிகள் தேறியதையும் 2014ஆம் ஆண்டில் இரு குழுக்கள் காட்டின. தசை நோயாகவும் நரம்பு நோயாகவும் இதனைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்திருக்கிறது. உங்கள் அம்மானின் இரத்தத்தில் தசை நொதியான கிரியாட்டின் கைனேஸ் கூடியிருந்ததைக் குறிப்பிட்டிருந்தீர்கள். தசை நேரடியாகச் சேதமடைவதற்கான அடையாளம் அது.

இவ்வளவு தெளிவாக எதிரி தெரிந்திருக்கும்போது மருந்து ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். முயற்சிகள் நடந்தன. ஏற்பியின் குழியை அடைக்கும் ஃப்ளூட்டமைட் என்ற மருந்து தொடக்கத்தில் சோதித்த எலிகளில் பயனளிக்கவில்லை. குழியில் அமர்ந்துகொண்டாலும் ஏற்பி உட்கருவுக்குப் போவதை அது தடுப்பதில்லை. உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பையே அடக்கும் லியூப்ரோரெலின் ஊசி எலிகளில் சிறப்பாக வேலை செய்தது. ஜப்பானில் சுமார் 200 நோயாளிகளிடம் 48 வாரங்கள் சோதித்ததில், விழுங்கும் திறனில் ஒட்டுமொத்தமாகத் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. நோய் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகாதவர்களிடம் மட்டும் பலன் தென்பட்டது. அந்த நாடு 2017ஆம் ஆண்டில் இந்நோய்க்கு அந்த ஊசியை அனுமதித்தது. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் உருவாவதைத் தடுக்கும் டூட்டாஸ்டிரைடை அமெரிக்காவில் 50 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்தும் வெற்றி கிடைக்கவில்லை. எலி வாரங்களில் நலிகிறது, மனிதர் பல ஆண்டுகளில் நலிகிறார். ஓரிரு ஆண்டுச் சோதனையில் மெதுவான நோயின் மாற்றத்தை அளப்பது கடினம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். லியூப்ரோரெலினுக்கு எலும்பு தேய்தல், பாலுணர்வு குறைதல் போன்ற விலையும் உண்டு. உங்கள் அம்மானுக்கு நோய் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில் நானாக இருந்தால் அந்த ஊசியை வற்புறுத்த மாட்டேன். நரம்பியல் மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. பலவீனத்தையும் மார்புப் பெருக்கத்தையும் கண்டு யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ 'ஆண்மை' மருந்தோ பரிந்துரைத்தால் மட்டும் அவர்களைக் கேட்காமல் ஒருபோதும் எடுக்க வேண்டாம். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் ஏ.எல்.எஸ். என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தவறு உலகெங்கும் நடக்கிறது. ஆயினும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஏ.எல்.எஸ். நோயில் மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்புகளும் கெடுவதால் முழங்காலைத் தட்டினால் கால் துள்ளி எழும். கென்னடி நோயில் தட்டினாலும் அசைவு குறைவு, அல்லது இல்லை. உதட்டையும் தாடையையும் சுற்றித் தசைத் துடிப்பு, மார்புப் பெருக்கம், உணர்வு நரம்புகளின் மின் அலை சிறுத்திருப்பது, இவை எதுவும் ஏ.எல்.எஸ். நோயின் இயல்பு அன்று. ஒரு குடும்பத்தையே எட்டு ஆண்டுகள் இழவு வீடு போல உட்கார வைத்த பிழை அது. கென்னடி நோயில் ஆயுள் பெரிதாகக் குறைவதில்லை. அஞ்ச வேண்டியது விழுங்குவதில் வரும் தடுமாற்றத்தை. உணவோ நீரோ மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாக மாறுவதுதான் பெரும் ஆபத்து. வெள்ளைப் பணியாரம் சிக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த நிலையில் பணியாரத்தைவிடத் தெளிந்த தண்ணீரே அதிகமாகப் புரையேற்றக்கூடும். பேச்சு மற்றும் விழுங்கு பயிற்சியாளர் ஒருவரிடம் ஒரு முறையேனும் காட்டுங்கள்; நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு வாயாக விழுங்குவது போன்ற உத்திகளில் அவருக்கு எது ஏற்றது என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.

இனி வீட்டுக் கணக்கு. நகரத்தார் சமூகத்தில் புள்ளி என்னும் குடும்பக் கணக்கு ஆண்வழியில் எண்ணப்படுவது. குலப் பிரிவைக் குறிக்கும் கோயிலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. ஆகவே 'அந்த வீட்டு நோய்' என்றால் அந்தக் கோயில் வழியாக இறங்குவது என்றே நம் மனம் எண்ணிவிடுகிறது. இந்த ஏற்பியின் மரபணு அதற்கு நேர் எதிர்வழியில் நடக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. தந்தை மகனுக்குக் கொடுப்பது ஒய். உங்கள் அம்மான் தம் மகனுக்கு எக்ஸைக் கொடுக்கவே இல்லை; எனவே அம்மான் மகனிடம் தந்தையின் 46 இருக்க வழியில்லை. அம்மானுக்கு மகள்கள் இருந்தால் அவர்கள் ஒவ்வொருவரிடமும் அது நிச்சயமாக இருக்கும். அவர்கள் தாங்கிகள், அதாவது பிழையைச் சுமப்பவர்கள்; பெரும்பாலும் நலமாகவே வாழ்வார்கள்.

அம்மானுக்கு அந்த எக்ஸ் அவருடைய தாயான உங்கள் ஆயாவிடமிருந்து வந்தது. ஆயாவின் இரண்டு எக்ஸில் எது உங்கள் ஆத்தாவுக்கு வந்தது என்பது நாணயத்தைச் சுண்டுவது போன்றது: இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆத்தாவிடம் இருந்தால் உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் தனித்தனியே இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே இன்றைய நிலையில் உங்கள் இருவருக்கும் நான்கில் ஒரு பங்கு. உங்களிடம் அது இருந்தால், யாரை மணந்தாலும் உங்கள் மகன் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. அம்மான் மகனை மணப்பதால் அது கூடுவதும் இல்லை, அயலாரை மணப்பதால் குறைவதும் இல்லை. எச்சரிக்கை தேவைப்படும் சேர்க்கை வேறொன்று: உங்கள் தம்பிக்கு அம்மான் மகளைக் கட்டுவது. அந்தப் பெண் நிச்சயத் தாங்கி. தம்பியிடமும் அது இருந்துவிட்டால், அவர்களுடைய மகள்களில் சிலர் இரண்டு எக்ஸிலும் அதனைச் சுமக்க நேரிடும். நெருங்கிய உறவில் மணம் செய்வதால் வேறு சில மரபு நோய்களின் வாய்ப்பு கூடும் என்பது தனிக் கணக்கு. அதனை இந்தக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்நோய் எந்தச் சமூகத்துக்கும் உரிய சொத்து அன்று என்பதையும் அப்பச்சியிடம் சொல்லுங்கள். பின்லாந்தின் மேற்குக் கரையிலும் ஜப்பானிலும் இந்நோய் உள்ள குடும்பங்கள் பல வாழ்கின்றன.

பரிசோதனையை உங்களிடமிருந்தோ தம்பியிடமிருந்தோ தொடங்காதீர்கள். ஆத்தாவுக்கு முதலில் செய்யுங்கள். ஒரு குழாய் இரத்தம் போதும், அம்மானின் அறிக்கையின் நகலையும் உடன் கொடுங்கள். ஆத்தாவின் இரண்டு எக்ஸும் இயல்பான எண்ணிக்கை காட்டினால் உங்கள் இருவருக்கும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஒன்று நீண்டிருந்தால், மரபியல் ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு நீங்கள் உங்களுக்குச் செய்துகொள்ளலாம். தாங்கி என்று தெரிந்தாலும் கருவுறுவதற்கு முன் யோசிக்கப் பல வழிகள் இன்று உண்டு. தம்பியின் விஷயம் வேறு. அறிகுறி ஏதும் இல்லாத 24 வயது இளைஞன், நாற்பதில் வரக்கூடியதும் இன்று தடுக்க மருந்து இல்லாததுமான ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறானா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். அப்பச்சியோ, நீங்களோ, நானோ சொல்ல முடியாது. முகூர்த்த நாளைத் தள்ளிவைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.